ஒரு கூடுதல் இகரம்

எங்கள் எஸ்தோனிய மொழியில் வேற்றுமைகள் பதினான்கு.
ஃபின்னிஷில் பதினைந்து.
ஒரே ஒரு வேற்றுமைதானே,
கடலும் கப்பலில் இரண்டு மணி நேரம்தானே
என்று வந்துவிட்டேன், ஐம்பத்து மூன்று வயதில்,
வெல்டிங் முகமூடியும் ஒரு ஜோடி பூட்ஸுமாக.

துர்க்கு நகரத்துக் கப்பல் தளத்தில் வேலை.
செவ்வாய் மாலை மொழி வகுப்பு.
"புல்மா ஏதும் உண்டா?" என்றாள் ஆசிரியை வென்லா.
எங்கள் ஊரில் அது கல்யாணம்.
"ஒன்று இருந்தது, விவாகரத்தில் முடிந்தது" என்றேன்.
அவள் கேட்டது: பாடத்தில் சிக்கல் ஏதும் உண்டா?

மறுவாரம் செய்தித்தாளில்
புதிய ஹல்லிதுஸ் பொறுப்பேற்றதாகப் போட்டிருந்தார்கள்.
எங்களுக்கு அது ஈரச்சுவரில் படரும் பூஞ்சணம்.
அவர்களுக்கு அரசாங்கம்.
அன்று பேருந்தில் நான் ஒருவன் மட்டும் சிரித்தேன்.
யாரிடமும் விளக்கத் தோன்றவில்லை.

இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்:
தாய்மொழியில் எனக்குக் குறி தப்பாது.
எந்தச் சொல் யாருக்கு எங்கே வலிக்கும் என்று
நாக்குக்கே தெரியும், நான் யோசிக்க வேண்டாம்.
மனைவி, இரண்டு மேஸ்திரிகள், என் தம்பி ஹெய்னோ
எல்லாரும் சாட்சி.

கப்பல் தளத்தில் வசவு முதல் நாளே இலவசம்.
நானும் கற்றேன். ஆனால் என் வாயில்
அது ஊறல் எடுத்த மிளகாய்;
நிறம் இருந்தது, காரம் இல்லை.

பிப்ரவரியில் ஒருநாள் ரைமோ
தகட்டைத் தப்பாக அளந்து கொடுத்தான்.
மூன்று மணி நேர வேலை குப்பைக்குப் போனது.
அவனைத் திட்ட வாய் திறந்தேன்.
கைவசம் இருந்தவை
நான்காம் பாடத்துப் பெயரடைகள்:
பெரிய, சிறிய, பச்சை, பசித்த, களைத்த.
தேடித் தேடி
"நீ களைத்திருக்கிறாய்" என்றேன்.

ரைமோ தலைக்கவசத்தைக் கழற்றினான்.
குழாய் அடுக்கின்மேல் உட்கார்ந்தான்.
"ஆமாம்" என்றான்.
பிறகு, மனைவி ஆஸ்பத்திரியில் இருப்பதைச் சொன்னான்.
பாதிதான் புரிந்தது.
புரிந்த பாதிக்குத் தலையாட்டினேன்,
புரியாத பாதிக்குக் காபி வாங்கி வந்தேன்.

அதன்பின் தளத்தில் என்னை
"நல்ல மனுஷன் கால்யு" என்கிறார்கள்.
முன்னூறு சொல்லில் பிழைக்கும் அந்த ஆளை
எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது.
ஹெய்னோ அவனைச் சந்தித்ததில்லை.

அன்தேக்ஸி. மன்னிக்கவும்.
இங்கே பேருந்தில் தோள் உரசினால் அன்தேக்ஸி,
கடையில் உப்பு எங்கே என்று கேட்க அன்தேக்ஸி,
தும்மினால்கூட.
ஒரு குளிர்காலம் முழுக்கச் சில்லறையாகச் செலவழித்த பிறகே
கவனித்தேன்:
இது எங்கள் அந்தேக்ஸ் அல்லவா?
என் வாயிலேயே கிடந்த சொல்,
பதினொரு வருடமாக நங்கூரம் போலத் தூக்க முடியாமல்.

சண்டை அப்பாவின் படகு எஞ்சினுக்காக.
எஞ்சின் துருப்பிடித்து எப்போதோ போய்விட்டது.
நான் அன்று சொன்ன வார்த்தை மட்டும்
ஹீயுமா தீவில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன்.
அவன் "ம்" என்றான்.
சொல்ல நினைத்தது எங்கள் மொழியில்.
பழக்கத்தில் வந்ததோ அவர்களுடையது:
அன்தேக்ஸி.

நீண்ட மௌனம்.
பின்னணியில் அவன் நாய் குரைப்பது கேட்டது.
நான் போகும்போது இந்த நாய் இல்லை.

"கடைசியில் ஒரு இகரம் ஒட்டியிருக்கிறதே,"
என்றான் ஹெய்னோ,
"ஃபின்லாந்தில் வாங்கினாயா?"

"ஆமாம்" என்றேன்.

"வரும்போது அதையும் எடுத்து வா.
இங்கே கிடைக்காது."